குளிர்காலத்தில் நான்கு துணி: ஒரு கிராஸ் ஸ்டிட்ச் கணக்கு

குளிர் தொடங்கிய வாரத்தில் அலமாரியின் கீழ்த்தட்டை ஒழித்தபோது, பாதியில் நின்ற கிராஸ் ஸ்டிட்ச் துணிகள், அதாவது சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளால் படத்தை நிரப்பும் தையல் வேலைகள், நான்கு வெளியே வந்தன. மூன்றைச் சுருட்டி வைத்திருந்தேன். நான்காவதை மடித்து, ஊசியையும் அதிலேயே குத்தி வைத்திருக்கிறேன். எத்தனை மாதம் ஆயிற்றோ, ஊசியை உருவியதும் அது இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு. துரு. நல்ல வேளை, கடைசியில் வெட்டி எறியப் போகும் ஓரம். ஊசியின் மேல்பூச்சு தேய்ந்துவிட்டால் கைவியர்வையும் காற்றின் ஈரமுமே போதும், துணியில் கறை ஏறிவிடும். ஏறியது லேசில் போகாது. மற்ற மூன்றையும் விரித்துத் தடவிப் பார்த்து ஊசி இல்லையென்று உறுதி செய்துகொண்டேன். குளிர் முடிவதற்குள் இவற்றில் இரண்டையாவது கரை சேர்த்துவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. இது அந்த மூன்று மாதக் கணக்கு.

நான்கும் எவை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியது ஒரு பனிக்காடு. அகலம் 200 தையல், உயரம் 250, ஓர் இடம் வெறுமையாக விடாமல் முழுதும் நிரப்ப வேண்டிய படம். ஆக 50,000 தையல். 28 கவுண்ட் (அங்குலத்துக்கு 28 இழை) ஈவன்வீவ் என்ற சம நெசவுத் துணியில் இரண்டு இழைக்கு ஒரு தையலாகப் போடுகிறேன், அதாவது அங்குலத்துக்கு 14. மூன்று வருடமாக நடக்கிறது. பத்துக்குப் பத்தாகப் பிரித்தால் மொத்தம் 500 சதுரம். அலமாரியிலிருந்து வெளியே வந்த அன்று 163 முடிந்திருந்தது. இரண்டாவது, அக்கா மகள் பிறந்ததை எழுதி மாட்டுவதற்கான சாம்ப்ளர், எழுத்தும் சிறு படங்களும் தைத்த துணி. 14 கவுண்ட் வெள்ளை ஐடா (தையலுக்குத் தோதாகக் கண் கண்ணாக நெய்த துணி), 90க்கு 120. நடுவில் பெயர், தேதி, குட்டி யானை ஒன்று. சுற்றிலும் சிவப்பில் இலைக்கொடிக் கரை. மூன்றாவது, கறுப்பு ஐடாவில் நட்சத்திர வானம், 16 கவுண்ட். நான்காவதுதான் துரு பிடித்தது: 18 கவுண்ட் துணியில் புத்தகத்துக்குள் வைக்கும் நீள அடையாளப் பட்டை.

நாளுக்கு ஒன்று என்று முறை வைத்தேன். திங்கள் காடு, செவ்வாய் சாம்ப்ளர், புதன் வானம் என்று தாளில் எழுதி ஒட்டியும் வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரமே கவிழ்ந்தது.

கவிழ்த்தது நீலம். பனிக்காட்டில் மரங்களின் நிழல் பக்கம் முழுக்க மங்கிய நீலங்கள். டிஎம்சி என்ற நூல் கம்பெனியின் எண்ணில் 3750, 930, 931, 932, 3752, 3753 என்று கடும் நீலத்திலிருந்து பால் கலந்த நீலம் வரை ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். பகலில் பார்த்தால் அண்ணன் தம்பி என்று தெரியும். மஞ்சள் விளக்கில் பக்கத்துப் பக்கத்து எண்கள் எல்லாம் இரட்டைப் பிள்ளைகள்தான். திங்கள் இரவு 3750 போட வேண்டிய இடத்தில் 930 போட்டு, 140 தையல் போல நிரப்பியிருக்கிறேன். மறுநாள் காலை திரையை விலக்கினால், காட்டுக்குள் யாரோ டார்ச் அடித்த மாதிரி ஒரு வெளிச்சத் திட்டு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பாதியை மட்டும் பிரித்தேன். மீதி, மரத்தண்டுக்கு நடுவில் இருந்ததால், பட்டை உரிந்த இடம் என்று வைத்துக்கொண்டேன். சார்ட்டை, அதாவது எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் தாளை, வரைந்தவரே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டார்.

அந்த வாரமே விளக்கை மாற்றினேன். ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 5000க்கு மேல் உள்ளதைப் பகல் வெளிச்சம் என்று சொல்லி விற்பார்கள். கெல்வின் எண் மட்டும் போதாது. நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று வேறொரு எண் உண்டு. அது 90க்கு மேல் இருந்தால்தான் நீலமும் நீலமும் பிரிந்து தெரியும். என் பழைய விளக்கின் பெட்டியில் அந்த எண்ணே இல்லை. புதிய விளக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஜன்னலுக்கு ஈடாகவில்லை. குளிர்காலத்தில் அந்த ஜன்னல் வெளிச்சம் வேலை நாட்களில் என் கைக்குக் கிடைப்பதே இல்லை. நான் வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும்.

கிழமை பார்த்துத் துணியைப் பங்கிட்டது தவறு, வெளிச்சம் பார்த்துப் பங்கிட வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். பனிக்காடு சனி, ஞாயிறு மட்டும், காலை பத்திலிருந்து மூன்று வரை ஜன்னலோரம். இரவில் அதைத் தொடவே கூடாது. வார நாள் இரவுகள் சாம்ப்ளருக்கு. வெள்ளைத் துணியில் சிவப்பும் பச்சையும், எந்த விளக்கிலும் குழம்பாது. அடையாளப் பட்டை பைக்குள், எங்காவது காத்திருக்கும் நேரத்துக்கு. கறுப்பு வானத்தைப் பகலில் வைப்பதுதான் முறை என்று முதலில் நினைத்தேன். அது தப்பு என்று பிறகு தெரிந்தது. அந்த இடத்தில் சொல்கிறேன்.

பனிக்காட்டில் என் சிக்கல் நிறங்களின் எண்ணிக்கை. ஒரு சதுரத்தின் 100 தையலில் பதினெட்டு, இருபது நிறம் வரும். ஒரு நிறத்தில் மூன்று தையல், நகர்ந்து இன்னொரு நிறத்தில் ஒன்று, திரும்பி வந்து இரண்டு. இதைத் தைப்பவர்கள் கன்ஃபெட்டி என்பார்கள், காகிதத் துண்டைத் தூவினதுபோல இருப்பதால். ஒரே நிறம் நிறையும் இடத்தில் மணிக்கு 120 தையல் வரை போட்டுவிடுவேன்; கன்ஃபெட்டியில் 75 தாண்டினால் பெரிய காரியம். ஒவ்வொரு நிறத்துக்கும் நூலைத் தொடங்கி, பின்பக்கம் சொருகி முடித்து, வெட்டுவதிலேயே நேரம் போகும்.

இதற்குப் பார்க்கிங் முறையை முயன்றேன். ஒரு சதுரத்தில் ஒரு நிறம் முடிந்ததும் நூலை வெட்டாமல், அதே நிறம் அடுத்த சதுரத்தில் வரும் முதல் கண்ணில் முன்பக்கமாக எடுத்து அப்படியே தொங்க விடுவது. அந்தச் சதுரத்துக்கு வரும்போது நூல் அங்கே காத்திருக்கும். படித்தபோது அற்புதமாக இருந்தது. மூன்றாவது சதுரத்தில் துணிக்கு ஜடாமுடி வளர்ந்துவிட்டது. இருபத்திரண்டு நூல் தொங்க, ஒன்றை இழுத்தால் நான்கு கூடவே வந்தன. கடைசியில் எனக்கென்று ஒரு நடுவழி: ஒரு சதுரத்தில் ஐந்து தையலுக்கு மேல் வரும் நிறங்களை மட்டும் நிறுத்தி வைப்பது, மற்றவற்றை அங்கேயே முடித்து வெட்டிவிடுவது. தொங்குவது ஏழெட்டைத் தாண்டுவதில்லை. பின்பக்கம் கொஞ்சம் தடிக்கிறது. தடிக்கட்டும்.

நூல் தொடங்குவதற்கு வளைய முறையைத்தான் எப்போதும் பயன்படுத்துகிறேன். தெரியாதவர்களுக்கு: ஆறு இழை நூலிலிருந்து ஒரே ஓர் இழையை 90 சென்டிமீட்டர் உருவி, இரண்டாக மடித்து, இரண்டு நுனியையும் சேர்த்து ஊசிக் காதில் கோத்துக்கொள்ள வேண்டும். மடிப்பு மறுமுனையில் வளையமாக நிற்கும். முதல் அரைத் தையலைப் போட்டு ஊசி பின்பக்கம் போனதும் அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் நூல் தானாகப் பூட்டிக்கொள்ளும். முடிச்சும் வேண்டாம், வாலைப் பிடித்துக்கொண்டு தைக்கவும் வேண்டாம். இரண்டு, நான்கு என்று இரட்டைப்படையில் இழை வைத்துத் தைக்கும்போது மட்டும்தான் இது நடக்கும். நிறம் மாறிமாறி வரும் நூலுக்கும் ஆகாது. மடித்ததும் இரண்டு இழையிலும் நிறங்கள் எதிரெதிர்த் திசையில் ஓடும்.

இழையை உருவுவதிலும் ஒரு விஷயம். ஆறையும் சேர்த்துப் பிடித்து இரண்டாகக் கிழிக்கப் பார்த்தால் கீழே பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஒரு நுனியை மட்டும் பிடித்து நேராக மேலே இழுத்தால் மற்ற ஐந்தும் சுருங்கி நின்று, அது வெளியே வந்ததும் தானாக நீண்டுகொள்ளும். முதல் வருடம் முழுக்க நான் கிழித்துக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளைகள் இன்னொரு பாடு. பனி என்றால் ஒரே வெள்ளை என்று நினைத்தால் ஏமாந்தோம். இந்தச் சார்ட்டில் பளீரென்ற பி5200 உண்டு, சாதாரண பிளாங்க் உண்டு, துளி வெதுவெதுப்பான 3865 உண்டு; மூன்றாவதற்கு அந்தக் கம்பெனியே வைத்த பெயர் குளிர்கால வெள்ளை. மூன்றையும் தனித்தனி டப்பாவில் வைத்து மூடியில் பெரிதாக எண் எழுதினேன். இதற்குமேல் என்ன முன்யோசனை வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

கட்டம் போட்டதைச் சொல்லவில்லையே. பத்துத் தையலுக்கு ஒரு கோடு துணியிலேயே இருந்தால் எண்ணுவது பாதி குறையும். மெல்லிய மீன்பிடி நரம்பைப் பத்துப் பத்தாக ஓட்டி விடுவது ஒரு வழி. தைக்கும் ஊசி அதைக் குத்திப் பிளக்காது, முடிந்ததும் வழுக்கிக்கொண்டு உருவி வரும். பேனா வேகமானது. நீரில் கரையும் நீலப் பேனாவில் போட்ட கோட்டை முதலில் குளிர்ந்த நீரில் போக்கிவிட வேண்டும். அதற்கு முன் இஸ்திரிப் பெட்டி பட்டால் சூட்டில் அது துணியோடு ஒட்டிக்கொண்டு போகவே போகாது. இன்னொரு வகை, சூடு பட்டால் மறைந்துவிடும் பேனா. கேட்கத் தோதாக இருக்கிறதே என்று ஒரு துண்டுத் துணியில் கோடு போட்டு, தேய்த்து மறைத்து, ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தேன். காலையில் கோடு மங்கலாகத் திரும்பி வந்திருந்தது. அந்த மை போவதில்லை, நிறத்தை மட்டும் ஒளித்துக்கொள்கிறது. கடும் குளிரில் வெளியே வந்துவிடும். பனிக்காட்டுப் படத்தின் மேல் ஒரு நாள் தானாகக் கட்டம் தோன்றினால் எப்படி இருக்கும்? மீன்பிடி நரம்புக்கே திரும்பினேன்.

சாம்ப்ளருக்கு மட்டும் கட்டமே போடவில்லை. 14 ஐடாவின் கண்கள் பளிச்சென்று தெரியுமே, எதற்கு வீண் வேலை என்ற தெனாவட்டு. அதற்கான கூலி ஐந்தாவது வாரம் கிடைத்தது.

கரையில் இருந்தது ஓர் இலைக்கொடி. ஆறு தையலுக்கு ஒரு முறை அதே இலை திரும்பி வரும். 90ஐ ஆறால் வகுத்தால் 15, 120ஐ வகுத்தால் 20. மிச்சமில்லாத கணக்கு, அதனாலேயே அந்தச் சார்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். மேல் இடது மூலையில் தொடங்கி, மேலே வலப்பக்கமாகப் போய், இறங்கி, கீழே இடப்பக்கமாக வந்து, கடைசியாக இடது ஓரத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாவது இலை முடிந்து இருபதாவதற்கு வந்தால், ஆறு கண் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தது. மறுபடி எண்ணினேன், ஐந்து. கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன். துணி மனமிரங்கவில்லை.

ஒன்று குறைந்தால் எங்கோ ஒன்று கூடியிருக்க வேண்டும். கீழிருந்து ஊசி நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்ததில், நான்காவது இலைக்கும் ஐந்தாவது இலைக்கும் நடுவில் ஒரு கண் அதிகமாக விட்டிருந்தேன். அந்த இடத்தைத் தைத்த அன்று ஃபோன் வந்ததும் நடுவில் எழுந்து போனதும் நினைவுக்கு வந்தது. கடைசி இலையை ஐந்து கண்ணுக்குள் திணித்து ஒப்பேற்றலாம். நடுவில் எங்கேயாவது என்றால் அதைத்தான் செய்திருப்பேன். என் துணிகளில் அப்படி ஒப்பேற்றிய இடங்கள் நிறைய உண்டு. ஆனால் இது மூலை. யார் பார்த்தாலும் கண் முதலில் மூலையில்தான் போய் நிற்கும். பதினைந்து இலை, இலைக்குப் பதினெட்டுத் தையல், மொத்தம் 270. பிரிப்பதென்று உட்கார்ந்தேன்.

பத்துப் பதினைந்து தையலென்றால் ஊசியாலேயே வந்த வழி திரும்பிப் பிரித்துவிடலாம். 270ஐ அப்படிப் பிரித்தால் விடிந்துவிடும். முன்பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒரு வெட்டு, சின்னக் கத்தரியின் நுனியை நூலுக்கு அடியில் மட்டும் விட்டு. பிறகு பின்பக்கம் திருப்பி, சிறு இடுக்கியால் துண்டு துண்டாக உருவ வேண்டும். உருவிய நூலைச் சேர்த்து வைத்து மறுபடி தைக்க ஆசைப்படக் கூடாது. மினுமினுப்புப் போய் பஞ்சாகியிருக்கும். வெள்ளைத் துணியில் சிவப்பு என்பதால் கண்களுக்குள் செம்பஞ்சு ஒட்டிக்கொண்டது. ஒட்டும் டேப்பை விரலில் திருப்பிச் சுற்றி ஒற்றி ஒற்றி எடுத்தேன். விரிந்துபோன கண்களை ஊசி முனையால் லேசாக வருடிக் கொடுத்தால் இழைகள் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிடும். இரண்டு இரவுகள் இதற்கே போயின. பிறகு மறுபேச்சில்லாமல் கட்டம் போட்டேன்.

பிரித்துக்கொண்டிருந்தபோது வேறொரு கரை நினைவில் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மேஜர் அலெக்சிஸ் காஸ்டாக்லி, 1941 டிசம்பரில் முகாமில் உட்கார்ந்து ஒரு சாம்ப்ளர் தைத்தார். பார்வைக்குச் சாதுவான வேலைப்பாடு. கரையில் வரிசையாக ஓடும் புள்ளியும் கோடும் மோர்ஸ் குறிகள். ஒரு கரை, கடவுள் மன்னரைக் காக்கட்டும் என்கிறது. இன்னொன்று ஹிட்லரை அச்சில் ஏற்ற முடியாத வார்த்தையால் திட்டுகிறது. காவலுக்கு நின்றவர்களுக்கு அது புரியவில்லை. முகாமில் காட்சிக்கு வைத்து அழகு பார்த்திருக்கிறார்கள். அவருக்குக் கரையில் ஒரு கண் தவறியிருந்தால் திட்டே மாறிப்போயிருக்கும். எனக்குப் போனது ஓர் இலைதானே என்று தேற்றிக்கொண்டேன்.

அந்த வாரம் பார்த்து அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். என் மடியில் கரையில்லாத துணி.

"என்னடி, பாப்பா எழுந்து நடக்கவே ஆரம்பிச்சுட்டா. சித்தி துணி மட்டும் இன்னும் தவழ்ந்துட்டே இருக்கு?"

"அக்கா, ஆலிஸ் லீன்னு ஒரு குழந்தை 1596 நவம்பர்ல பிறந்துச்சு. அந்தப் பிறப்பை ஜேன் பாஸ்டாக்னு ஒருத்தங்க துணியில தைச்சு வெச்சாங்க. துணியில என்ன வருஷம் போட்டிருக்கு தெரியுமா? 1598. ரெண்டு வருஷம் கழிச்சு. அதைக் கொண்டுபோய் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல வெச்சிருக்காங்க."

"அப்போ என் பொண்ணு பேரையும் மியூசியத்துல மாட்டினப்புறம் சொல்லு, வந்து பார்த்துக்கறோம்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் விஷயம் உண்மை. ஆண்டு பொறித்த பிரிட்டிஷ் சாம்ப்ளர்களில் கிடைத்தவற்றுள் பழமையானது அந்தத் தாமதித்த துணிதான்.

சாம்ப்ளர் ஒன்பதாவது வாரம் முடிந்தது. முடிந்ததும் துவைக்க வேண்டும். கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு அப்போது தெரியாது, சில வருடம் கழித்து மஞ்சளாகக் கிளம்பும். இங்கே எனக்கு ஒரு பயம் இருந்தது. கரையில் போட்ட சிவப்பில் ஒரு கண்டு, பழைய டப்பாவில் கிடந்தது, சுற்றியிருந்த தாளே இல்லை. நூலை ஈரப் பஞ்சில் அழுத்தி முன்பே சோதித்திருக்கலாம். செய்யவில்லை. தண்ணீரில் போட்ட ஒரு நிமிடத்தில் ரோஜா நிறம் மெதுவாகக் கிளம்பியது.

சாயம் இறங்கும் துணியை வெளியே எடுத்துக் காய வைத்தால்தான் கெடும். ஈரத்தில் இருக்கும்வரை தப்பிக்க வழி உண்டு. குழாய்க்கு அடியில் பிடித்து, குளிர்ந்த நீர் ஓட ஓட அலசினேன். பிறகு பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றி மூழ்க வைத்து, நிறம் தெரிந்ததும் நீரை மாற்றி, மறுபடி மூழ்க வைத்து, ஏழு முறை. விரல்கள் மரத்துப் போயின. குளிர்காலத்தில் செய்யத் தக்க வேலையல்ல. எட்டாவது தண்ணீர் தெளிந்தே இருந்தது. முறுக்கிப் பிழியாமல் கெட்டித் துண்டில் சுருட்டி அழுத்தி எடுத்தேன். யானையின் காதோரம் மட்டும் மிக லேசான இளஞ்சிவப்பு நின்றது. யானைக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. அரை ஈரத்தோடு, தைத்த பக்கம் கீழே இருக்கும்படி தடித்த துண்டின் மேல் விரித்து, பின்பக்கத்தில் இஸ்திரி போட்டேன். முன்பக்கத்தில் போட்டால் தையல்கள் நசுங்கித் தட்டையாகிவிடும்.

இனி கறுப்பு வானம். இதைப் பகலில் ஜன்னலோரம் வைத்துத்தான் முதலில் முயன்றேன். மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் விழுந்தாலும் கறுப்பு அதை விழுங்கிவிடுகிறது. கண் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ஒரு நாள் இரவு மடியில் வெள்ளைத் தலையணை உறையைப் போட்டுக்கொண்டு, விளக்கைத் தாழ்த்தி அந்த வெள்ளையின் மேல் வெளிச்சம் விழும்படி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணும் வெள்ளைப் புள்ளியாக எழுந்து நின்றது. தைப்பதற்கு முன்பே வானத்தில் நட்சத்திரம். கறுப்புத் துணிக்கு வெளிச்சம் கீழிருந்து வர வேண்டும், அதற்கு இரவே தோது. வெள்ளி இரவுகளை அதற்குக் கொடுத்தேன். 900 தையலில் இருந்தது, 2,300க்கு வந்திருக்கிறது, மொத்தம் 4,100.

இன்னும் வேகமாகப் போயிருக்கும், வெள்ளி ஜரிகை இல்லாவிட்டால். மெட்டாலிக் நூல் என்று விற்கும் எல்லாமே முரடு. இரண்டு இழையும் இரண்டு திசையில் போகும், நுனி பிரிந்து துடைப்பமாகும், ஐந்தாவது தையலில் ஊசிக் காதருகே அறுந்து நிற்கும். நூலை 30 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டாமல், கண்ணை அகலமாகத் திறந்து விடும்படி ஓர் அளவு பெரிய ஊசியாக மாற்றியதும் பாதிச் சண்டை ஓய்ந்தது. பெரிய ஊசி என்றால் சின்ன எண். 26க்குப் பதிலாக 24. நுனியில் தேன்மெழுகும் தடவினேன். மீதிச் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அடையாளப் பட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காத்திருந்த நேரங்களில் பையிலிருந்து எடுத்துத் தைத்து, ஆறாவது வாரமே முடிந்தது. துரு ஓரத்தையும் வெட்டிவிட்டேன்.

கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், குளிரில் தைப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள பிரச்சினை. விரல் நுனித் தோல் காய்ந்து வெடித்து நூலைப் பிடித்து இழுக்கும். மினுங்கும் பருத்தி இழையில் ஒரு முறை மாட்டினால் அந்த இடம் பஞ்சாகிவிடும். கிரீம் தடவிக்கொண்டு உடனே உட்கார்ந்தால் துணியில் பிசுக்கு. இரவு படுக்கும்போது தடவிக்கொண்டு, மறுநாள் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தைப்பது என்று வைத்துக்கொண்டேன். சொரசொரப்பான இடங்களை நகம் தேய்க்கும் அட்டையால் லேசாக ராவிவிட்டாலும் போதும். இன்னொன்று, விரல் விறைத்திருக்கும்போது நூலை எவ்வளவு இறுக்குகிறோம் என்று கைக்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமைக் காலை போட்ட இரண்டு சதுரங்கள் பக்கத்தில் இருப்பவற்றைவிடக் குழிந்திருக்கின்றன, வெள்ளைக் கண்கள் எட்டிப் பார்க்கின்றன. இப்போதெல்லாம் முதல் பத்து நிமிடம் நூல் உருவி, ஊசி கோத்து வைப்பதோடு சரி. கை சூடேறிய பிறகுதான் துணி.

நூல் எவ்வளவு செலவாகிறது என்று இந்தக் குளிரில் கணக்கு எழுதினேன், பாதியில் தீர்ந்துபோகும் தொல்லைக்காக. ஒரு கண்டில் 8 மீட்டர், ஆறு இழை. இரண்டு இழையாகத் தைத்தால் 24 மீட்டர் கிடைக்கிறது. அங்குலத்துக்கு 14 என்றால் ஒரு தையலின் பக்கம் 1.8 மில்லிமீட்டர். முன்பக்கம் இரண்டு மூலைக் கோடு, பின்பக்கம் இரண்டு நேர்க்கோடு, எல்லாம் சேர்த்து ஒரு தையலுக்கு 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தாளில் பார்த்தால் ஒரு கண்டில் 2,700 தையல் வர வேண்டும். எனக்கு வந்தது 1,800 சுமார். தொடங்கும் வால், முடிக்கும் வால், பிரித்து எறிந்தது, ஒரு நிறத்திலிருந்து தாண்டிப் போகும் தூரம், எல்லாம் அந்த 900க்குள். கன்ஃபெட்டியில் இன்னும் மோசம், 1,400 வந்தால் பெரிது.

குளிர் முடியும் இந்த வாரத்தில் நிலவரம் இது. பட்டை ஒரு புத்தகத்துக்குள். சாம்ப்ளர் அட்டையில் இழுத்துக் கட்டி, சட்டம் போட்டு, அக்கா வீட்டுச் சுவரில்; பாப்பா அந்த யானையைப் பார்த்து 'மாடு' என்கிறாளாம். வானம் பாதிக்குச் சற்று மேல். பனிக்காடு 163லிருந்து 214 சதுரம். பன்னிரண்டு வாரத்தில் 51, அதாவது 5,100 தையல். இதே வேகத்தில் போனால் மீதி 286க்கு இன்னும் அறுபத்தேழு வாரம் என்று கணக்குப் போட்டுவிட்டு, அந்தத் தாளையும் கிழித்தேன்.

இன்று ஞாயிறு. 215ஆவது சதுரத்தில் உட்கார்ந்தவள் மூன்று மணியைக் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது ஜன்னல் சாம்பலாகியிருந்தது. 97 தையல் முடிந்திருக்கிறது. மீதி மூன்றும் வெள்ளை. ஊசியில் ஒரு வெள்ளை இழை கோத்தபடி இருக்கிறது, மேஜையில் பிளாங்க், 3865 இரண்டு டப்பாவும் திறந்து கிடக்கின்றன. எதிலிருந்து உருவினேன் என்று நினைவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தேன், தெரியவில்லை. ஊசியைத் துணியிலிருந்து எடுத்துக் காந்தத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். விடியட்டும்.